கூப்பிடு தூரத்துக் கடல்

கேமரா ஒன்று கைக்கு வந்துவிட்டால் நம் இளைஞர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை பிரயாணம். கடலைப் படம்பிடிக்க ஆசை கொண்டவர் கடலூரிலோ வேதாரணியத்திலோ குளச்சலிலோ பிறந்து வளர்ந்தவராகவே இருந்தாலும், இரவெல்லாம் ரயிலில் கண் விழித்துச் சென்று, 1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துப் புயலுக்குப் பின் கூரையிழந்து நிற்கும் தனுஷ்கோடி மாதா கோயிலின் எதிரே, தமக்கு முன் வந்தவர்கள் நின்ற அதே இடத்தில் நின்று, அவர்கள் எடுத்த அதே படத்தை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். படம் அழகாகத்தான் இருக்கிறது. பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய அந்தச் சுவரை அழகின்றி எடுப்பதற்குத்தான் தனித் திறமை வேண்டும். ஆனால் அதை எடுத்தவர் இன்னார் என்பதற்கு அந்தப் படத்தில் ஓர் அடையாளமும் இல்லை; யார் பெயரைக் கீழே போட்டாலும் பொருந்திவிடும். தம் வீட்டிலிருந்து நடந்து சென்று திரும்பக்கூடிய கடற்கரையை ஒருவர் வருஷக்கணக்கில் எடுத்துவருவாரானால், கலை என்ற அளவிலும் ஊருக்குச் செய்யும் உபகாரம் என்ற அளவிலும் அது இத்தகைய யாத்திரைகளைவிட மேலானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதை வெறும் ஊர்ப்பற்றினால் சொல்வதாக எண்ண வேண்டாம். கடற்கரை ஒரே பார்வையில் தன்னைக் காட்டிவிடும் இடமன்று. ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வாடைக் காற்று முற்றி, கொந்தளித்த அலைகள் மணலை வாரிக்கொண்டு போனதால் சுவர் வைத்தாற்போல் வெட்டுண்டு நின்ற சோழமண்டலக் கரை, மாசி பங்குனிக்குள் மெல்ல மெல்ல மேடேறி, அடப்பங்கொடி படர்ந்து, இராவணன் மீசைப் புல் உருண்டு திரிய, ஒன்றுமே நடவாதது போலக் கிடக்கும். பிறகு சோழகம் என்னும் தென்காற்று வீசத் தொடங்கியதும் கரையோர நீரோட்டம் திசை மாறி, மாதக்கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டேயிருக்கும். ஒரு நாள் வந்து போகிறவர் இந்தக் கோலங்களில் ஏதேனும் ஒன்றைக் கண்டு அதுவே கடற்கரை என்று நம்பிவிடுகிறார். அங்கேயே வசிப்பவனோ, போன தை மாதம் இந்தப் பனைக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு படகுகளை ஏற்றி வைக்க இடமிருந்தது என்பதை அறிவான். முன்பு இருந்தது ஞாபகத்தில் உள்ளவனுக்கே இப்போது இல்லாதது கண்ணில் படும். அவன் எடுக்கும் படத்தில் மற்றவர்களுடைய படத்துக்கு எட்டாத ஒரு பொருள் ஏறிவிடுவது இதனால்தான்.

மேல்நாட்டில் இதற்குச் சிறந்த உதாரணம் எட்வர்ட் வெஸ்டன். கலிபோர்னியாவில் கார்மெல் என்னும் சிற்றூரில் 1929-இல் குடியேறிய அவர், அதற்குத் தெற்கே சில மைல் தூரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாயின்ட் லோபோஸ் என்ற பாறை முனையையே தம் களமாகக் கொண்டார். பாறையில் அலை செதுக்கிய குழிகள், கரையில் ஒதுங்கிக் காய்ந்த கடற்பாசியின் முறுக்கு, காற்றடித்துத் தோலுரிந்த சைப்ரஸ் மரங்களின் வேர் என்று, உல்லாசப் பிரயாணி மிதித்துக்கொண்டு போகும் வஸ்துக்களை எட்டுக்குப் பத்து அங்குலத் தகட்டுக் கேமராவைச் சுமந்து சென்று எடுத்தார். அவர் வெளியூர் காணாதவர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. மெக்ஸிகோவில் வாழ்ந்தவர், புகைப்படக் கலைஞருள் முதன்முதலாக 1937-இல் குக்கன்ஹைம் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களையெல்லாம் காரில் சுற்றியவர். அப்படிச் சுற்றியும் பாயின்ட் லோபோஸுக்கே அவர் திரும்பித் திரும்பி வந்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கத் தொடங்கிய பின் 1948-இல் தம் கடைசிப் படத்தை எடுத்ததும் அங்கேதான். உலகம் இன்று அவர் பெயரோடு சேர்த்து நினைக்கும் நிலக்காட்சிகளில் பல, அவர் வீட்டுக்கு அண்மையில் எடுக்கப்பட்டவை.

நம் கரையில் இத்தகைய நெடுநாள் பரிசயத்துக்கு உகந்த இடம் எது என்று யாராவது கேட்டால் நான் தரங்கம்பாடியைச் சொல்வேன்; ஆனால் தரங்கம்பாடியாருக்கும், பொறையாறு, காரைக்கால், மயிலாடுதுறை முதலிய சமீபத்து ஊராருக்கும் மட்டுமே சொல்வேன், கோயமுத்தூர்க்காரர் கேட்டால் சொல்லமாட்டேன். அங்கே 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வியாபாரம் வேறு துறைமுகங்களை நாடிப் போய்விட, ஊர் வளராமலே நின்றது. அதனால்தான் மற்ற ஊர்களில் இடித்துக் கட்டிய தலைமுறை மாற்றங்கள் இங்கே நேராமல், பழைய சுவர்கள் காற்றின் வசத்திலும் உப்பின் வசத்திலும் விடப்பட்டன. கோட்டைக்கு வடக்கே, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாக விழுங்கிவிட்டது. எஞ்சியதற்குத் திருப்பணி நடந்திருக்கிறது. அலைக்கும் கோயிலுக்கும் இடையே இப்போது கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊருக்கு வந்து கோட்டையின் முழுத் தோற்றத்தையும் ஒரே படத்தில் அடக்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று போகிறவர்கள் போகட்டும். சுவரின் அருகே ஒரு முழ தூரத்தில் நின்று பார்க்கிறவருக்குத்தான் கடல் செய்யும் வேலை தெரியும். அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று ஏந்தி வந்து செங்கல்லின் நுண்துளைகளுக்குள் செலுத்துகிறது. வெயிலில் நீர் ஆவியாகிவிட, உள்ளே தங்கிய உப்பு படிகமாக வளர்ந்து, இடம் போதாமல் துளையின் சுவர்களை நெருக்குகிறது. இரவின் ஈரத்தில் கரைகிறது, மறுநாள் மீண்டும் இறுகுகிறது. இவ்விதம் ஆயிரக்கணக்கான பகலும் இரவும் நடந்தபின் செங்கல் பொடிப்பொடியாக உதிர்ந்து உள்வாங்கிக்கொள்ள, அதைச் சுற்றியிருந்த சுண்ணாம்புச் சாந்து மட்டும் அழியாமல் நின்று தேனடை போன்ற ஓர் உருவம் உண்டாகிறது. கட்டியவன் எதை மறைக்க எண்ணினானோ, அந்தச் சாந்துக் கோடுகளே இப்போது சுவரின் சித்திரமாகிவிடுகின்றன. பக்கத்திலேயே, பழுது பார்ப்பதாக நினைத்து யாரோ சிமெண்டு பூசிய இடத்தைப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் விட்டு வாங்கும் ஈரத்தைச் சிமெண்டு அடைத்துவிடுவதால், உப்பு பின்னாலிருந்து தள்ளி, பூச்சு முழுவதும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. முந்நூறு வருஷத்துச் சுண்ணாம்பையும் முப்பது வருஷத்துச் சிமெண்டையும் ஒரே சட்டத்துக்குள் அமைத்து ஒரு படம் எடுத்தால் மராமத்து இலாகாவுக்கு அதைவிடத் தெளிவான மனு வேறு வேண்டியதில்லை.

இரும்பின் நடத்தை வேறு. துரு ஏறும்போது அது முன்னிருந்ததைவிடப் பெருத்துவிடுவதால், ஜன்னல் கம்பி தான் பதிந்திருக்கும் கல்லையே பிளந்துவிடுகிறது. பிளவிலிருந்து மழைநீரோடு ஒழுகிய காவிக் கறை, வெள்ளையடித்த சுவரில் ஆண்டுக்கு ஆண்டு ஒரு விரற்கடை நீளுவதை உள்ளூர்க்காரன் கவனித்திருப்பான். மரமோ எனில், வெயிலால் அதன் சாரம் சிதைந்து மழையில் கழுவப்பட்டுப் போக, மெத்தென்ற பகுதி தேய்ந்து வலிய நரம்புகள் மட்டும் எழுந்து நின்று சாம்பல் நிறம் கொள்கிறது. கரையில் ஏற்றிப் பல காலமாகக் கட்டவிழ்ந்து கிடக்கும் கட்டுமரத்தின் கட்டைகளில், கயிறு அறுத்த தடத்தோடு இதைக் காணலாம். ஃபைபர் படகுகள் வந்துவிட்ட இந்நாளில் அத்தகைய கட்டைகள் கிடைப்பதும் அரிதாகி வருகிறது. கருங்கல்லும் உப்புக்கு விலக்கன்று. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளின் முகங்கள் தேய்ந்து உருண்டையாகிவிட்டதை யாவரும் கண்டிருக்கலாம். தொல்லியல் துறையார் நனைத்த காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, அது உலரும்போது உப்பை உறிஞ்சி எடுக்கும்படி செய்கிறார்கள். சிற்பி ஒரு பல்லவ அரசன் காலத்தில் தொடங்கிய வேலையைக் காற்று பதின்மூன்று நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து நடத்திவருகிறது என்று சொல்ல நா எழுகிறது. ஆனால் அது உபசார வார்த்தை, வாஸ்தவத்தில் நடப்பது நஷ்டம்தான்.

ஒளியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் படமெடுக்கலாகாது என்று மேல்நாட்டுக் கைப்புத்தகங்கள் எல்லாம் ஒரே குரலில் விதிக்கின்றன. நெய்தல் திணைக்கு எற்பாடு என்ற பிற்பகல் வேளையைச் சிறுபொழுதாகத் தொல்காப்பியர் வகுத்திருப்பதால் நம்மவர்களும் அந்த விதியை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள். மணல் நெளிகளை எடுப்பதற்கு அது சரி. படுத்துக்கிடக்கும் தரையின்மேல் சூரியன் தாழ்வாகச் சாய்ந்திருக்கும்போதுதான் நிழல் நீண்டு, நண்டு வாரியெறிந்த சிறு உருண்டைக்குக்கூட ஓர் உருவம் கிடைக்கும். நிமிர்ந்து நிற்கும் சுவருக்கு நியாயம் வேறு. சூரியன் ஏறத்தாழ நடுத்தலைக்கு நேரே வந்துவிடும் நம் நாட்டில், உச்சிப்பொழுதின் கதிர் சுவரை உராய்ந்துகொண்டு மேலிருந்து கீழாக இறங்குகிறது; செங்கல்லின் ஒவ்வொரு பள்ளமும், உரிந்த வண்ணத்தின் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனி நிழல் பெற்று எழுந்து நிற்கின்றன. தரங்கம்பாடி இருக்கும் அட்சரேகையில் சித்திரை முதல் வாரத்தை ஒட்டியும் ஆவணி முதல் வாரத்தை ஒட்டியும் இது பூரணமாக நிகழும்.  லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவனுக்கு இந்தச் சௌகரியம் ஒருநாளும் கிடையாது. அவன் எழுதிய விதியை நாம் ஏன் சிரமேற்கொள்ள வேண்டும்?

மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கும்போது கேமராவை உறைக்குள் வைத்துவிடுகிறவர்களும் நஷ்டப்படுகிறார்கள். நனைந்த சுவரில் பாசியின் பச்சையும் துருவின் காவியும் பழைய நீலச் சுண்ணாம்பும் கொள்ளும் ஆழம் வெயிலில் தோன்றாது. தூறல் நின்ற அரை மணி நேரம் போதும்.

கருவியைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே இதற்குப் போதுமானது. அது தானாகவே நிழலையெல்லாம் வெளுக்கச் செய்து நிறங்களை ஏற்றிவிடும் சுபாவம் உடையதாகையால், வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுத்தால் சுவர் சுவராக இருக்கும். லென்ஸில் படியும் உப்புப் பிசுபிசுப்பை வேட்டித் தலைப்பால் அழுத்தித் துடைக்காமல், முதலில் மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் இலேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அலைகளை நெடுநேரம் பதியவைத்து, கடலைப் பனிமூட்டமாகக் காட்டும் ஒரு மோஸ்தர் இப்போது பரவியிருக்கிறது. வங்கக் கடலின் கரைக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது. இரைச்சலே வடிவான அந்த நீரை ஊமையாக்கி, பாறை ஒன்றை நடுவில் வைத்துத் தியானம் என்று பெயரிடுகிறார்கள். எந்த நாட்டுக் கடலென்றே தெரியாத அந்தப் படத்தை எடுக்கக் கடற்கரைக்குப் போக வேண்டிய அவசியம் என்ன?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், எழ வேண்டியதுதான். ஊரார் கூரைக்கு ஓடு மாற்ற வகையின்றித் தவிக்கும்போது, இடிந்த சுவரில் சௌந்தரியம் தேடுவது கொழுத்தவனுடைய விநோதம் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் ஊருக்குள் புகுந்தபின், நாகப்பட்டினம் கரை நெடுகிலும் கிடந்த உடைந்த கதவுகளையும் சேறு படிந்த பள்ளிப் புத்தகங்களையும் மிகுந்த கலைநயத்தோடு எடுத்துப் பரிசு வாங்கும் வகையைச் சேர்ந்தவர்கள் எந்தப் பேரிடரிலும் வந்து சேருவார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த ஆட்சேபத்தை நான் அப்படியே ஏற்கிறேன். காலத்தால் தேய்ந்தது வேறு, கேட்பாரற்றுக் கெட்டது வேறு, ஒரே காலையில் அழிந்தது வேறு. மூன்றையும் ஒரே ரசனையோடு எடுப்பவனுக்கு ரசனையே இல்லை என்பேன். உள்ளூர்க்காரன் இந்த இடத்திலும் அந்நியனைவிடப் பத்திரமானவன். உரிந்த வண்ணமுள்ள அந்தக் கதவு யாருடைய கதவு, அந்த வீட்டில் பெரியவர் இறந்தபின் பிள்ளைகள் சிங்கப்பூர் போய்விட்டதால் பூட்டியிருக்கிறதா, அல்லது உள்ளே ஒரு கிழவி தனியே இருக்கிறாளா என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தவன் கதவைத் தட்டி, "ஆச்சி, சுவரை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டே எடுப்பான்; எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டவும் அவனுக்கு வழியுண்டு. கரையில் ஏற்றிய படகும் அவ்வாறே ஒரு குடும்பத்தின் முதல். அதன்மேல் ஏறி உட்கார்ந்து கல்யாணப் படம் எடுத்துக்கொள்ளும் ஜோடிகளை மீனவர்கள் பொறுத்துக்கொள்வது அவர்களுடைய பெருந்தன்மை.

இனி, இது ஊருக்கு எவ்விதம் உபகாரமாகும் என்ற விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் துறைமுகம் கட்டியபின், தெற்கிலிருந்து வந்த மணல் அதன் சுவரில் தடைபட்டுத் தேங்கி மெரினாவை அகலமாக்கியதையும், வரவேண்டிய மணல் வராமல் வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் தின்றதையும் எல்லோரும் அறிவர். அதே கதை சிறிய அளவில் இன்று கரை முழுவதும் நடந்துவருகிறது. ஓர் ஊரைக் காக்கத் தூண்டில் வளைவு என்னும் கல்தடுப்பைப் போட்டால் அடுத்த ஊரில் கரை அறுகிறது. அந்த ஊரார் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று மறியல் செய்கிறார்கள். அங்கே போட்டதும் அதற்கு வடக்கே உள்ளவர்கள் மனுவோடு வருகிறார்கள். இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 1990-க்குப் பின் அரிப்புக்கு உள்ளானது என்று மத்திய அரசின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறது. ஆனால் ஆகாயத்திலிருந்து பார்க்கும் அந்தக் கண்ணுக்கு, கோயில் படியில் எத்தனை மிச்சம், எந்த மீனவர் கோயிலின் முன்வாசல் போயிற்று, வலை உலர்த்த இருந்த மணல்திடல் எந்த ஐப்பசியில் காணாமற் போயிற்று என்பவை தெரிவதில்லை. அதிகாரிகளிடம் போய் நிற்கும் ஊர்ப் பெரியவர்கள், கடல் முன்பு வெகு தூரத்தில் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுகிறார்களே தவிர, தேதியிட்ட ஒரு படம் அவர்களிடம் இருப்பதில்லை.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, 1858-இல் மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைப் படம்பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாக எடுத்து ஒரே நீண்ட சுருளாகச் சேர்த்துவைத்தார். அந்தப் படங்களின் பெருமை அவற்றின் அழகில் பாதி என்றால், இன்ன வருஷத்தில் இன்ன கல் இப்படி இருந்தது என்று அவை சொல்லும் சாட்சியத்தில் மறுபாதி. ஓர் அந்நிய அரசாங்கம் சம்பளம் கொடுத்துச் செய்வித்த அந்த வேலையை, வீட்டுக்கு ஒரு கேமரா இருக்கும் காலத்தில் நாம் இலவசமாகச் செய்துகொள்ளலாம். செய்யவில்லை. நம் கடலோர ஊர்களில் இருந்த பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படும்போது அவற்றின் நெகட்டிவ் பெட்டிகள் பழைய காகிதக் கடைக்குப் போனதைத் தடுக்கவும் யாரும் முன்வரவில்லை.

தேதியிட்ட படங்களைச் சேர்த்துவைப்பதற்குச் சங்கமோ சந்தாவோ தேவையில்லை. ஊரில் அசையாத ஒரு பொருளை, கோயில் மூலையையோ கலங்கரை விளக்கத்தின் அடிப்படியையோ ஓர் அடையாளமாகக் கொண்டு, அதே இடத்தில் நின்று, அதே திசை நோக்கி, மழைக்கு முன் புரட்டாசியில் ஒன்றும் மழைக்குப் பின் தையில் ஒன்றுமாகப் படமெடுத்து வந்தால் போதும். அதோடு நிறுத்த மனம் வராதவர்கள் சுவரின் அருகே போய் உப்பு செய்யும் வேலையையும் எடுக்கட்டும். அவர்களிலிருந்துதான் நமக்கு வெஸ்டனைப் போன்ற ஒருவர் கிடைக்க வேண்டும். கைப்பேசிக்குள் இருக்கும் படம் கைப்பேசியோடு போய்விடுமாகையால், அதைக் காகிதத்தில் அச்சிட்டே தீர வேண்டும்.

கடலோர ஊர்களில் இருக்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வருகிற மழைக்காலம் தொடங்கும் முன் முதற் படத்தை எடுங்கள், அதன் பின்புறத்தில் தேதியையும், நின்ற இடத்தையும், நோக்கிய திசையையும் பென்சிலால் எழுதி, ஒரு பிரதியை உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கொடுங்கள். இவற்றை வாங்கி வைத்துக்கொள்ள நூலகருக்கு உத்தரவு இல்லையென்றால், அந்த உத்தரவைப் பிறப்பிக்கும்படி பொது நூலக இயக்குநருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.